பாறைக் களத்தில் ஒரு ஹெலிகாப்டர்

என் கை நடுங்குகிறது என்று முதலில் சொன்னது ஒரு ஹெலிகாப்டர்தான். மனிதர் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இரண்டடி நீளப் பொம்மையிடம் என்ன சண்டை போடுவது?

என் பெயர் புருஷோத்தமன். வயது நாற்பத்தெட்டு, சொந்த ஊர் மலையடிவாரத்துச் சந்தவாசல். அரசு பஸ் டிரைவராகி இருபத்திரண்டு வருஷம், அதில் பதினோரு வருஷமாகப் போளூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவே ஓட்டுகிறேன். மனைவி ஜெயசுதா ஜமுனாமரத்தூரில் கிராம சுகாதாரச் செவிலியர். அவள் வேலைக்காக மலைமேலேயே வீடு எடுத்திருக்கிறோம். கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது பின்சீட்டில் தூங்குகிறவன் விழிக்கக் கூடாது. என்னைப் பொறுத்தவரை டிரைவிங் என்றால் அவ்வளவுதான். இதைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஹெலிகாப்டர் வந்த கதை இது. போன கோடை விழாவுக்குப் பெங்களூரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஏரிக்கரை மைதானத்தில் ஒருவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் விட்டார். எனக்கு அடுத்த டிரிப்புக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் அங்கேயே நின்றேன், சாப்பிடவில்லை. கல்யாண வீட்டு ட்ரோனை நான் பார்த்திருக்கிறேன். கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு அந்தரத்தில் நிற்கும். அதில் ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை? இது அப்படியில்லை. ஒரு நொடி கவனம் தப்பினால் கவிழ்ந்துவிடும். சும்மா ஒரே இடத்தில் நிற்பதற்கே ஓட்டத் தெரிய வேண்டும்.

அவரிடம் பழையது ஒன்று இருந்தது. வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுத மாட்டேன், ஜெயசுதா படிப்பாள்.

பறக்கவிட இடம் வேண்டுமே. மலையில் எல்லாம் இருக்கிறது, சமதரை மட்டும் கிடையாது. பஸ் நிலையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜ்குமார்தான் வழி காட்டினான். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் அம்மா சாந்தம்மாளுக்கு ஊருக்கு வெளியே சாமைக் கொல்லை இருக்கிறது. கொல்லையை ஒட்டி வழவழவென்று ஒரு பெரிய பாறை. சாமை அடிக்கிற களம் அதுதான். சாந்தம்மாள் இரண்டே நிபந்தனை போட்டார்.

"செருப்ப கீய வுட்டுட்டு ஏறு, டிரைவரு தம்பி. சாமை அறுத்துகினு வந்தன்னா எடத்தக் காலி பண்ணிடணும். அதுவரிக்கும் இன்னா வேணா வுட்டுக்கோ."

ராஜ்குமார் பேட்டரி ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தான். போனில் பாடமும் எடுத்துக் கொடுத்தான். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தமிழில் சொல்லித்தருகிற வீடியோ. முதல் பாடம், பறக்காதே. மூங்கில் குச்சி இரண்டைக் குறுக்காகக் கட்டி, நாலு முனையிலும் பிளாஸ்டிக் பந்து செருகி, ஹெலிகாப்டரின் காலுக்கடியில் மாட்ட வேண்டும், சாய்ந்தாலும் கவிழாது. வாரச்சந்தையில் பந்து வாங்கினேன். குழந்தைக்கா என்று கடைக்காரம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு வாரம் அது தரையை விட்டு எழும்பவில்லை. தண்ணீரில் தத்தளிக்கும் பூச்சி மாதிரி பாறைமேல் வழுக்கிக்கொண்டே திரிந்தது. அதன் வால் எப்போதும் நம் பக்கம் இருக்க வேண்டும். மூக்கு நம் பக்கம் திரும்பிவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அப்படித்தான் இரண்டு ஜோடி இறக்கைகளை உடைத்தேன். ஒரு இறக்கை ஒரு அடி நீளம் இருக்கும். உடையும்போது எலும்பு முறிகிற சத்தம் கேட்கும்.

மூன்றாவது ஜோடி மாட்டிய பிறகு ஒரு நாள், முழங்கால் உயரத்தில், ஒரு நிமிஷம் முழுதாக அது நின்றது. சும்மா அப்படியே நின்றது. நான் கத்திய கத்தலில் சாந்தம்மாளின் ஆடுகள் மூலைக்கொன்றாக ஓடின. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. ஜெயசுதா பூஜை போட்டால் வீட்டில் ஒரு சாமான் தப்பாது. பிரஷர் பார்க்கிற மிஷின், குழந்தைகளை எடை போடுகிற தராசு, ஸ்கூட்டர், மிக்ஸி, கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் பொட்டு. அவள் சந்தனத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. ஐப்பசி மழையில் பஸ் கண்ணாடியில் வைத்த பொட்டு அன்றே கரைந்துவிடுகிறது என்று ஒரு வருஷம் குறைபட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து வேலம்பிசினை ஊறவைத்துச் சந்தனத்தில் குழைத்துவிடுகிறாள். காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும், தீபாவளி தாண்டியும் நிற்கும். ஹெலிகாப்டருக்கும் வைத்தாள். உடம்பெல்லாம் கம்பியும் ஸ்க்ரூவுமாக இருந்ததால் இறக்கை நுனிப் பக்கமாக ஒன்று, நடுவில் குங்குமம்.

பிறகு ஒரு வாரம் மழை. மழை விட்டதும் களத்துக்குப் போனேன். இறக்கை சுற்றியதும் குங்குமம் காற்றில் மெல்லிய சிவப்பு வளையமாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது பார்க்க. ஆனால் ஹெலிகாப்டர் நடுங்கியது. வால் இரண்டாகத் தெரிகிற அளவுக்கு நடுங்கியது. எழுப்பிப் பார்த்தேன், அந்தரத்திலும் அதே நடுக்கம். இறக்கிவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார். வண்டி ஆடினால் வண்டியைப் பார்க்காதே, உன் கட்டைவிரலைப் பார். விரல் செய்வதைத்தான் அது செய்யும்.

என் கட்டைவிரலைப் பார்த்தேன். அப்பாவின் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது.

என் அப்பா ராஜேந்திரன் லாரி டிரைவர். ஐம்பது வயது நெருங்கும்போது அவருக்கு வலது கட்டைவிரலில்தான் முதலில் ஆரம்பித்தது. பீடி சுருட்டுகிற மாதிரி அது தன்பாட்டுக்கு ஆடும். இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் ஒளித்தார். கலசப்பாக்கத்துக்கு அந்தாண்டை, நெல் மூட்டை ஏற்றிய லாரியைப் பாலத்துக் கட்டையில் மோதினார். கிளீனருக்கு ஒரு கால் போயிற்று. அதன் பிறகு அப்பா பதினான்கு வருஷம் இருந்தார். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டே இருந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கணும்டா" என்று மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டிரைவர்களில் பாதிப் பேர் அந்த ரகம். பிரேக் சரியில்லை, ரோடு சரியில்லை, எதிரே வந்தவன் சரியில்லை. நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம். அதனால் மிஷின்மேல் பழி போட எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு முறை போய்ப் பறக்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் நடுங்கியது. டீக்கடையில் டம்ளரை எடுத்தால் டீ தளும்பியது. விளிம்புவரை ஊற்றினால் யார் கையிலும் தளும்பும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பஸ்ஸை உருட்டிக்கொண்டு போனேன். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததில் சாயங்காலம் தோள் கழன்றுவிடும். கண்டக்டர் பஞ்சாட்சரம் விசிலைக் கடித்தபடி கேட்டார்.

"இன்னாண்ணா, பின்னால சைக்கிள்காரன் ஆரன் அட்ச்சினு வர்றான். வழி வுடலாமா?"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வளைவுக்கு வளைவு கண்ணாடியில் ஜனங்களைப் பார்த்தேன். புளி மூட்டையோடு ஒருவர், மடியில் குழந்தையோடு ஒரு பெண், காலேஜ் போகிற பிள்ளைகள். இவர்களில் யாருடைய காலை நான் எடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். பத்து நாள் ஒளித்தேன். அப்பா இரண்டு வருஷம் ஒளித்தார் என்று அவரைக் குறை சொன்னவன், பத்து நாள் ஒளித்தேன். ஜெயசுதாவிடம் கூடச் சொல்லவில்லை. அவள் நர்ஸ், கையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று சாப்பிடும்போது கூடத் திரும்பி உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கடிதம் எழுதினேன். உடல்நிலை காரணமாக என்னை மலைப்பாதைப் பணியிலிருந்து விடுவித்து, டிப்போவில் வேறு பணி தர வேண்டும் என்று நாலு வரி. எழுதும்போது கை நடுங்கவில்லை என்பதைக் கூட நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு செய்து சட்டைப் பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போய் ராஜ்குமாரை வரச் சொன்னேன்.

சாந்தம்மாள் பாறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சாமை முற்றிவிட்டது, இரண்டொரு நாளில் அறுப்பு.

"இத நீயே வெச்சிக்கோ ராஜ்குமார்" என்றேன்.

"இன்னாண்ணா சொல்றீங்க? உசுரா வெச்சிருந்தீங்களே."

"போதும்பா. ஆசை தீந்துபோச்சி."

அவன் என் முகத்தைப் பார்த்தான். ரிமோட்டை அவன் கையில் கொடுத்து, பத்தடி தள்ளி நிற்க வைத்து, ரிமோட்டின் இடது குச்சியைக் கொஞ்சமாக மேலே தள்ளச் சொன்னேன். எழும்ப வேண்டாம், இறக்கை சுற்றினால் போதும், முதல் நாள் அதுதான் பாடம் என்றேன். இறக்கை சுற்றியது. சிவப்பு வளையம் வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.

செல்போன் கடைக்காரனுக்குப் போன் அடித்தால் உலகம் நின்றுவிடும். ரிமோட்டை அப்படியே பாறைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்து, "ஆங், சொல்லுங்க, டிஸ்ப்ளே வந்துட்ச்சி" என்று பேச ஆரம்பித்தான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஓடுகிற வண்டியில் கையை எடுக்கிறவனை நான் கிளீனராகக் கூடச் சேர்க்க மாட்டேன். இத்தனை நாளில் இறக்கை சுற்றும்போது என் விரல் அந்தக் குச்சிகளை விட்டு ஒரு நொடி கூட விலகியதில்லை. திட்ட வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

ரிமோட் பாறைமேல் கிடந்தது. இடது குச்சி விட்ட இடத்திலேயே நின்றது. யார் கையும் அதன்மேல் இல்லை. பத்தடிக்கு அப்பால் ஹெலிகாப்டர் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பந்துகள் பாறைமேல் தடதடவென்று அடித்தன. அதே நடுக்கம். பத்து நாளாக என் தூக்கத்தைத் தின்ற அதே நடுக்கம்.

நான் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். ராஜ்குமார் போனைப் போட்டுவிட்டு ஓடிவந்து குச்சியை இறக்கினான்.

"இன்னாண்ணா ஆச்சி? தலை சுத்துதா?"

"ஒண்ணியும் இல்லப்பா. ஒண்ணியுமே இல்ல."

அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாந்தம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு வந்தார். குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்தது. வெயிலில் காய்கிற சாமைக் கதிர் வாசனை அன்றைக்குத்தான் மூக்குக்கு எட்டியது. பத்து நாளாக மூச்சையே மேலாக்க விட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"இது ஏன் இப்பிடி ஒதறுது?" என்றான் ராஜ்குமார். அவனுக்கு ஒரு மிஷின் சரியில்லை என்றால் சோறு இறங்காது. ஸ்க்ரூ எல்லாம் முடுக்கிப் பார்த்தான், சரியாக இருந்தது. தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. பிறகு போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, இறக்கை இரண்டையும் கழற்றினான். ஒன்றின் அடியை இன்னொன்றின் அடியோடு சேர்த்து ஒரே போல்ட்டில் முடுக்கினான். அம்மாவிடம் இரண்டு டம்ளர் வாங்கிக் கவிழ்த்து, போல்ட்டின் இரு முனையும் டம்ளர்கள்மேல் படும்படி வைத்தான். தராசு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு இறக்கையும் ஒரே எடை என்றால் சமமாக நிற்க வேண்டும்.

ஒரு பக்கம் விழுந்தது. திருப்பி வைத்தான். மறுபடி அதே இறக்கைதான் விழுந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். விழுந்த இறக்கையின் நுனியில், எட்டணாக் காசு அளவுக்கு, கல் மாதிரி இறுகி, நடுவில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது ஜெயசுதாவின் பொட்டு.

அதை நான் பார்க்கவில்லை என்றில்லை. தினமும் பார்த்தேன். ஆனால் பூஜைப் பொட்டை யார் குறையாகப் பார்ப்பார்கள்? என் பஸ்ஸில் பதினெட்டு இடத்தில் இருக்கிறது. பொட்டு இல்லாவிட்டால்தான் ஏதோ குறை என்று தேடுவேன். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கிறது, அதுவும் என் வீட்டம்மாள் செய்த கோணல்.

ராஜ்குமார் கத்தியை எடுத்தான். சாந்தம்மாள் கையைத் தட்டிவிட்டார்.

"சீ, வைய்டா. பூசையில வெச்சத சொரண்டுவாங்களா? அதுவா உதிரணும்."

"உதிராதுமா, பிசின் போட்டுக் கெட்டியா வெச்சிக்கிறாங்க."

"அப்போ வெச்ச மவராசிய போய்க் கேளு."

நானும் ராஜ்குமாரும் வீட்டுக்குப் போனோம். ஜெயசுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ராஜ்குமார் இரண்டு டம்ளரை வைத்து விளக்கினான். அவள் கூர்ந்து கேட்டாள். குழந்தைகளை எடை போட்டே பாதி வயது கழித்தவள், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"சொரண்டுறதெல்லாம் கூடாது. அந்தாண்ட இறக்கைக்கும் ஒண்ணு வெச்சிட்டா சமமா பூடும்ல?"

நானும் ராஜ்குமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான் விஷயம். சந்தனக் கிண்ணத்தில் பிசினை ஊற்றிக் குழைத்தாள். அதே இடத்தை விரலால் அளந்து, மற்ற இறக்கையின் நுனியில் ஒரு பொட்டு வைத்தாள். டம்ளர்மேல் வைத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தொட்டாள், மறுபடி பார்த்தாள்.

"மிக்ஸிக்கு, கத்தரிக்கோலுக்கெல்லாம் சின்னதா வெச்சிட்டு இதுக்கு மட்டும் ஏன் இம்மாம் பெருசா வெச்ச?" என்று கேட்டேன்.

"வூட்ல இருக்கிற சாமான்லயே இது ஒண்ணுதான கீய வுழுந்துகினே கெடக்குது?" என்றாள், தலை நிமிராமல். "அது வுழுந்தா நீங்க ரெண்டு நாளு பேச மாட்டேங்கறீங்க. அதான் கொஞ்சம் கூடவே வேண்டிகினு வெச்சேன்."

பொட்டு காய்ந்ததும் மறுபடி எடை சரிபார்த்து மாட்டினோம். வெயில் தாழ்ந்து காற்று அடங்கிய நேரம், ஜெயசுதாவையும் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போனோம். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினேன். கட்டைவிரலைக் குச்சிமேல் வைத்துத் தள்ளினேன். சிவப்பு வளையம் முன்னைவிட அழுத்தமாக வந்தது. பந்துகள் தரையில் சத்தமே போடவில்லை. முழங்கால் உயரம் எழும்பியது. பிறகு இடுப்பு உயரம். அங்கேயே நின்றது. வால் ஒன்றே ஒன்றாகத் தெரிந்தது. நான் இந்த முறை கத்தவில்லை. ஆடுகள் பயமில்லாமல் மேய்ந்தன.

மெதுவாக இறக்கி நிறுத்தினேன். ராஜ்குமார் கைதட்டினான். இனி இது உனக்கில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனே, "எடுத்துகினு போங்கண்ணா, எனக்குக் கடையப் பாக்கவே நேரமில்ல" என்றான்.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் ஜெயசுதாவிடம் சொன்னேன். அப்பாவை, கட்டைவிரலை, பஸ்ஸை உருட்டியதை. சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் நாலு வரியையும் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"பத்து நாளா டம்ளர ரெண்டு கையால புட்சிகினு குடிக்கிறத நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். நாளைக்கு நானே டாக்டராண்ட இட்டுகினு போலாம்னு இருந்தேன்."

"இப்பத் தேவையில்லல்ல?"

"அதெல்லாம் போய்த்தான் ஆவணும். ஒரு வாட்டி காட்டிட்டா நிம்மதி. கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்றேன். ரெண்டு கையும். விரலப் பிரிச்சி வெச்சி."

மின்விசிறியை நிறுத்தினாள். நீட்டினேன். கைக்கு நடுக்கம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் இப்படித்தான் பார்ப்பார்களாம். நீட்டிய விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்துவிட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைக் கூட அதன் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். கையில் வேறு காகிதம் இல்லை. என் கடிதத்தையே விரித்து என் விரல்கள்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, குழந்தையின் எடை முள் நிற்பதற்குக் காத்திருப்பவள் போலக் குனிந்து அதன் ஓரத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

காகிதம் அசையவில்லை.

"முதல் டிரிப்பு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

"அஞ்சரைக்கு."

"சரி, வந்தப்பறம் டாக்டராண்ட போலாம்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை என் விரல்கள்மேலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.